டேலியாக் கிழங்கைக் கோடையில் காப்பது எப்படி?

மார்கழியிலும் தையிலும் கொல்கத்தாவில் நம்மவர் வீட்டு மாடிகளை அழகு செய்த டேலியாச் செடிகள், பங்குனி பிறந்ததும் வாடித் தலைசாய்கின்றன. செடி பட்டுப்போயிற்று என்றெண்ணித் தொட்டி மண்ணோடு அதைக் கொட்டிவிடுவோர் பலர். செடி சாகவில்லை, உறங்கச் செல்கிறது. மண்ணுக்குள்ளே கிழங்கு உயிரோடிருக்கிறது.

டேலியாவின் தாயகம் மெக்ஸிகோ நாட்டு மலைப்பகுதி. ஆண்டர்ஸ் டால் என்ற ஸ்வீடன் நாட்டுத் தாவர நூலாரின் நினைவாக அதற்கு இப்பெயர் ஏற்பட்டது. 1963-ஆம் ஆண்டில் மெக்ஸிகோ அதனைத் தன் தேசிய மலராக அறிவித்தது. தாயகத்தில் மழைக்காலத்தில் மலர்ந்து, வறண்ட பனிக்காலத்தில் உறங்குவது அதன் இயல்பு. ஆகவே மேனாட்டு நூல்கள் உறைபனியிலிருந்து கிழங்கைக் காக்கும் வழிகளையே விரித்துரைக்கின்றன. உதகமண்டலத்தாருக்கு அவை பயன்படும். கொல்கத்தாவிலோ உறைபனி இல்லை; இங்கே செடிக்குப் பகை கோடை வெயிலும், அதைத் தொடரும் பெருமழையுமே. நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

பூ ஓய்ந்ததும் நீரைப் படிப்படியாகக் குறையுங்கள். இலைகள் மஞ்சளித்த பின் தண்டை அரையடி விட்டு நறுக்கிக் கிழங்கைக் காயப்படாமல் தோண்டி, சில நாள் நிழலில் உலர்த்துங்கள். முளைக்கண் கிழங்கின் உடலில் இல்லை; தண்டின் அடித்தூரில்தான் உள்ளது. தூர் ஒட்டாத கிழங்கு முளைப்பதில்லை. ஆகவே தனித்தனியே பிய்த்தல் கூடாது. பின்னர் காய்ந்த மணல் நிரப்பிய தொட்டியில் புதைத்து, நிறத்தை எழுதிய சீட்டொன்றைக் கட்டி, மாடிப்படியின் கீழ் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். கோடை விடுமுறைக்கு ஊர் செல்வோர், கால்பைசாகிப் புயல்மழையின் சாரல் படாத இடமா என்று பார்த்துச் செல்க. மாதம் ஒருமுறை சோதித்து, அழுகியதை நீக்குக. மிகச் சுருங்கியிருந்தால் சிறிது நீர் தெளிக்க.

ஆவணி வாக்கில் ஈரமணலில் வைத்தால் தளிர் வரும். மூன்றங்குலத் தளிர்களை நறுக்கி மணலில் நட்டால், இரண்டு மூன்று வாரங்களில் வேர்விடும். ஒரே கிழங்கிலிருந்து பல செடிகள் கிடைக்கும். அலிப்பூரில், 1820-இல் வில்லியம் கேரி நிறுவிய தோட்டக்கலைச் சங்கத்தின் மலர்க்காட்சியில் நாம் வியக்கும் மலரை நம் தொட்டியிலும் காணலாம்.

மாற்றல் உத்தரவு வந்தால் தொட்டிகளைச் சுமந்து செல்ல இயலாது. ஆனால் உறங்கும் கிழங்கு ஒரு துணிப்பையில் அடங்கும். அடுத்த ஊரில் அமையும் புது வீட்டிலும் அந்தப் பழைய நிறமே மலரும்.