எலுமிச்சைச் சொறிநோய்: கன்றோடு வரும் வம்பு

எலுமிச்சைக் காயில் சொறி விழுந்துவிட்டால் மண்டியில் அதைத் தனியாகக் கழித்துப் போட்டுவிடுவார்கள். சாறு இருக்கும், புளிப்பு இருக்கும். ஆனாலும் தோலைப் பார்த்துத்தான் விலை. பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு பக்கம் கிணற்றோரம் நாலு மரம் வைத்திருப்பவரானாலும், தோப்பாகவே வைத்திருப்பவரானாலும் மழைக்காலத்தில் இந்தக் கவலை உண்டு.

இலை, குச்சி, முள், காய் எல்லாவற்றிலும் இந்த நோய் வரும். பழுப்பு நிறத்தில் சொரசொரப்பாக மேலெழும்பிய புள்ளியும், இலையில் அதைச் சுற்றி மஞ்சள் வளையமும் தெரிந்தால் அது சொறிநோய்தான். இதைப் பூஞ்சண நோய் என்றே முதலில் நினைத்தார்கள். சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியாதான் காரணம் என்பதை 1915-இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கிளாரா ஹாஸ் என்ற பெண் விஞ்ஞானி நிரூபித்தார்.

காய்ந்த இலை சொன்ன கதை

இந்த நோய் எங்கே பிறந்தது என்ற கேள்விக்கு விடை தேடப் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து உழைத்திருக்கிறார்கள். அதற்கு உதவியவை, தாவரவியல் நிலையங்களில் காகிதத்தில் ஒட்டிப் பாதுகாத்து வைத்திருந்த பழைய இலைகள். 1827-க்கும் 1831-க்கும் இடையில் டேராடூன் பக்கம் சேகரிக்கப்பட்டு, லண்டன் கியூ பூங்காவில் வைக்கப்பட்டிருந்த இலையில் சொறிப்புள்ளி இருந்ததை 1933-இல் இரு அமெரிக்க விஞ்ஞானிகள் எடுத்துக் காட்டினார்கள்.

2021-இல் ரீயூனியன் தீவில் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமான சிராட், பிற நாட்டவருடன் சேர்ந்து இன்னொரு வேலையைச் செய்தது. மொரீஷியஸில் 1937-இல் எடுத்துவைத்த இலையிலிருந்து பாக்டீரியாவின் மரபணுவையே பிரித்துப் படித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஆசியாவிலிருந்து அந்தத் தீவுகளுக்கு நோய் போயிருக்க வேண்டும் என்று தெரிந்தது. அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் கப்பலேறிய காலம் அது. ஆட்களோடு செடிகொடிகளும் போயின. அவற்றோடு நோயும் போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. 2023-இல் வெளியான அடுத்த ஆய்வு, இந்தப் பாக்டீரியாவின் பிறப்பிடம் தெற்கு ஆசியா என்றே சொல்கிறது.

வெட்டிச் சாய்த்த மரங்கள்

அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு 1910-ஐ ஒட்டி இந்த நோய் போனது ஜப்பானிலிருந்து வந்த நாற்றுகள் மூலம். பெரும்பாடுபட்டு ஒழித்தார்கள். 1995-இல் மறுபடியும் தலைகாட்டியது. தோட்டம், நாற்றுப்பண்ணை, வீட்டுக் கொல்லை என்று பார்க்காமல் 1 கோடியே 60 லட்சம் மரங்கள் வரை அழித்தும், புயல்கள் நோயைப் பரப்பிவிட்டதால் 2006-இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் எமரால்டு பகுதியில் 2004-இல் நோய் வந்தபோது ஏறத்தாழ 5 லட்சம் மரங்களை அழித்து, 2009-இல்தான் மீண்டார்கள்.

நம் நாட்டில் அப்படி வெட்டித் தீர்க்க முடியாது. நோய் ஏற்கெனவே பரவிக் கிடக்கிறது. நோயோடு வாழ்ந்து சேதத்தைக் குறைப்பதே நமக்குள்ள வழி. பிரேசிலும் அர்ஜென்டினாவும் இதைத்தான் செய்கின்றன: நல்ல கன்று, காற்றுத் தடுப்பு, தாமிர மருந்து.

நாம் செய்ய வேண்டியவை

கன்று வாங்கும்போது: ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் இரண்டு பக்கத்து நாற்றுப்பண்ணைகளிலும் கன்று கிடைக்கும். எங்கே வாங்கினாலும் இலையின் அடிப்பக்கம், குச்சி, முள் மூன்றையும் பாருங்கள். ஒரு கன்றில் சொறி இருந்தாலும் அந்தப் பாத்தியிலிருந்து எடுக்காதீர்கள். திருப்பதி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாலாஜி ரகம் இந்த நோயை ஓரளவு தாங்கும்.

கவாத்து: மழைக்கு முன்பே, வெயில் நாளில் நோயுற்ற குச்சிகளை வெட்டி எரித்துவிடுங்கள். மரத்துக்கு மரம் கத்தரியைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்து எடுங்கள்.

மருந்து: கவாத்து முடிந்ததும், பிறகு புதுத்தளிர் விடும்போதும், லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து தெளியுங்கள். தளிரில் கோலம் போட்டதுபோல் கோடு இழுக்கும் இலைத்துளைப்பான் பூச்சி உண்டாக்கும் காயம் வழியாகவும் பாக்டீரியா நுழையும். அதற்கு 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு போதும். 5 கிலோ பருப்பை இடித்து ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கித் தெளிக்கலாம்.

காற்றுத் தடுப்பு: மழைத்துளியைக் காற்று அடித்துக்கொண்டு போகும்போதுதான் நோய் வேகமாகப் பரவும். காற்று வரும் பக்கம் சவுக்கு வரிசை வைத்தால் பரவல் குறையும். மரம் ஈரமாக இருக்கும்போது காய் பறிக்க இறங்க வேண்டாம்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

முன்பு சிபாரிசு செய்த ஸ்ட்ரெப்டோசைக்ளினைத் தெளிக்கலாமா?

வேண்டாம். ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் கலந்த அந்த மருந்தைப் பயிர்களுக்குப் பயன்படுத்த மத்திய அரசின் 2021 ஆணைப்படி 2024 முதல் தடை உள்ளது. மனிதருக்குக் கொடுக்கும் மருந்துகள் வேலை செய்யாமல் போய்விடக் கூடாது என்பதே காரணம்.

சொறி விழுந்த காயைச் சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். இந்தப் பாக்டீரியா மனிதரையோ கால்நடையையோ தாக்காது. விற்காத காயை ஊறுகாய்க்கு எடுத்துக்கொள்ளுங்கள். கழித்த தோலையும் உதிர்ந்த இலையையும் மட்டும் மரத்தடியில் போடாதீர்கள்.