நடுப்பகுதியைக் கத்தரித்தல்

மாணவர்களே, பள்ளி ஆண்டிதழுக்கு உங்கள் வகுப்புப் படத்தைச் சதுரமாக அனுப்பச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் இருப்பதோ அகலம் 1600, உயரம் 1200 படப்புள்ளிகள் கொண்ட செவ்வகப் படம். தேவைப்படுவது 1000க்கு 1000. ஒரு படம் என்றால் கையாலேயே வெட்டிவிடலாம். எல்லா வகுப்புகளின் படங்களும் வந்து குவிந்தால், பைதான் நிரலிடம் ஒப்படைப்பதே மேல். அதற்குப் ‘பில்லோ’ என்னும் நிரல் தொகுப்பு உதவுகிறது.

கணினிக்கு ‘நடு’ எது என்று தானாகத் தெரியாது. படத்தின் இடப்பக்க மேல்மூலைதான் அதற்குச் சுழியம். அங்கிருந்து வலப்பக்கம் செல்லச் செல்ல ஓர் எண் கூடும். கீழே இறங்க இறங்க மற்றோர் எண் கூடும். கணித வகுப்பில் வரைபடம் வரைந்து பழகியவர்களுக்கு இது முதலில் தலைகீழாகத் தோன்றும்.

இனி, நடுவைக் கண்டுபிடிப்போம். அகலத்தில் மிஞ்சுவது 600. அதில் பாதி 300. உயரத்தில் மிஞ்சுவது 200. அதில் பாதி 100. ஆகவே, இடப்பக்கம் 300இலும் மேற்பக்கம் 100இலும் வெட்டு தொடங்குகிறது. அவற்றோடு 1000ஐக் கூட்டினால், வலப்பக்கம் 1300, கீழ்ப்பக்கம் 1100. இடம், மேல், வலம், கீழ் என்ற வரிசையில் இந்த நான்கு எண்களைக் கொடுக்க வேண்டும். கடைசி இரண்டு எண்களை அகல உயரம் என்று எண்ணி 1000, 1000 என்று கொடுத்தால், 700க்கு 900 அளவுள்ள படமே கிடைக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதனால்தான் இத்தவற்றைக் கண்டுபிடிப்பது கடினம்.

கணக்கு சரி. ஆனால், படத்தில் யார் இருக்கிறார்கள்? ஒரு வரிசையில் எண்மர் படத்தின் முழு அகலத்திற்கும் நிற்கிறார்கள் என்றால், ஒருவருக்கு 200 படப்புள்ளிகள். பக்கத்திற்கு 300 போனால், ஓரத்தில் நிற்பவர் முழுவதும், அடுத்தவர் பாதியும் காணாமற்போவர்!

முதலில் படத்தைச் சிறிதாக்கிவிட்டு வெட்டினால் இழப்பு குறையும். உயரம் 1000 ஆகும்படி சுருக்கினால், அகலம் ஏறக்குறைய 1333. மிஞ்சுவது 333. அதைப் பைதானில் ஒரு சாய்கோடு இட்டு இரண்டால் வகுத்தால் 166.5 என்று விடை வரும். அரைப் படப்புள்ளி என்று ஒன்று இல்லையே! இரண்டு சாய்கோடுகள் இட்டால், பின்னம் நீங்கி 166 கிடைக்கும். இப்போது பக்கத்திற்கு ஒருவர் மட்டுமே விடுபடுவார்.

அவர்களையும் விடக்கூடாதென்றால், அகலத்தையே 1000ஆகச் சுருக்க வேண்டும். உயரம் 750 ஆகிவிடும். பழைய கணக்கையே போடுங்கள்: 750இலிருந்து 1000ஐக் கழித்துப் பாதியாக்கினால், மேற்பக்கம் −125 என்று வருகிறது. பில்லோ இதையும் ஏற்றுக்கொள்கிறது. வண்ணப் படமாயின், மேலும் கீழும் 125 படப்புள்ளிகளைக் கறுப்பால் நிரப்பிச் சதுரமாக்கித் தருகிறது. கறுப்பு பிடிக்கவில்லையா? 1000க்கு 1000 அளவில் வெள்ளைப் படமொன்றை உருவாக்கி, மேலிருந்து 125 படப்புள்ளிகள் தள்ளி வகுப்புப் படத்தை அதன்மேல் ஒட்டச் சொல்லுங்கள்.