புரதத் தொடரின் முற்று

தமிழ்த் தொடரை வினைமுற்று முடித்துவைப்பதுபோல், உயிரணுவில் உருவாகும் புரதத் தொடருக்கும் முற்றுக் குறிகள் உண்டு. ரைபோசோம் படித்துச்செல்லும் தூது ஆர்.என்.ஏ.வில் யூஏஏ, யூஏஜி, யூஜிஏ என்பவற்றுள் ஒன்று வந்ததும் அமினோ அமிலச் சேர்க்கை நின்றுவிடுகிறது. மெய்க்கரு உயிரணுக்களில் இம்மூன்றையும் ஈஆர்எஃப்1 என்னும் ஒரே விடுவிப்புப் புரதம் இனங்காண்கிறது. ஈஆர்எஃப்3 துணைநிற்க, நீர் மூலக்கூற்றால் பிணைப்பு அறுந்து புரதம் விடுபடுகிறது.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் அவருடைய கேம்பிரிட்ஜ் ஆய்வுக்குழுவினரும் 2015இல் இவ்வினங்காணலின் வடிவத்தை வெளியிட்டனர். முற்றுக் குறியின் மூன்றெழுத்துடன் அடுத்த ஓரெழுத்தும் வளைந்து நெருங்குவதை அது காட்டியது.

மரபணுப் பிழையால் முற்று இடையிலேயே தோன்றினால் புரதம் குறைப்படும். டியூசென் தசைச்சிதைவு நோயாளர் சிலரிடம் நிகழ்வது இதுவே. இடைமுற்றைக் கடந்து, இயல்பான முற்றில் நிற்கச் செய்யும் மருந்தையே ஆய்வாளர் தேடுகின்றனர்.