ஆட விரும்பும் பிள்ளைக்கு ஆசிரியர் மட்டும் போதுமா?

பொன்முடி மலையடிவாரத்தில் உள்ள விதுராவை நம் வாசகர்கள் நன்கு அறிவார்கள். திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தூரம். சுற்றிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தோர் இன்றும் அப்பகுதியில் வாழ்கிறார்கள். அத்தகைய ஒரு வீட்டில் நடக்க இயலாத பிள்ளையோ, காது கேளாத பிள்ளையோ நடனம் கற்க ஆசைப்பட்டால் என்ன செய்வது? நல்ல ஆசிரியர் கிடைத்தால் போதும் என்றுதான் பலரும் எண்ணுகிறோம். அது போதாது.

மாற்றுத் திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்து ஒரே மேடையில் ஆடும் குழுவில், அடவுகள் ஆடுபவரின் உடலுக்கேற்ப அமைக்கப்படுகின்றன. கால் செய்யும் சுற்றைச் சக்கர நாற்காலி செய்யும். காது கேளாதவர் பலகைத் தரையில் எழும் அதிர்வையும், எதிரே நிற்பவரின் கைச் சைகையையும் கொண்டு தாளம் பிடிப்பார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு அதே இடம், அதே நேரம், அதே பாட்டு என்று மாறாத ஒழுங்கு வேண்டும். இரண்டு வாரம் வண்டி கிடைக்காமல் பயிற்சி நின்றால், பிள்ளை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே இடம், வண்டி, துணைக்கு ஆள் ஆகிய மூன்றும் தவறாமல் கிடைத்தாக வேண்டும். இவற்றைத் தனி ஆசிரியர் ஒருவரால் தாங்க முடியாது.

லண்டனில் நடந்ததைப் பாருங்கள். செலஸ்ட் டண்டேகர் என்ற நடனக் கலைஞர் 1973-இல் மேடையில் விழுந்து, முதுகுத்தண்டில் அடிபட்டு, சக்கர நாற்காலிக்கு வந்தார். 1991-இல் ஆடம் பெஞ்சமின் என்பவருடன் சேர்ந்து 'கேண்டோகோ' குழுவைத் தொடங்கினார். முதுகுத்தண்டு காயமுற்றோருக்கான 'ஆஸ்பயர்' மையத்தில் நடந்த பயிற்சி வகுப்புகளிலிருந்தே அக்குழு பிறந்தது. இடம் ஒருவருடையது, கலை இன்னொருவருடையது.

நம் மாவட்டத்திலும் முன்மாதிரி உண்டு. கேரளத்தின் முதல் 'பட்ஸ்' சிறப்புப் பள்ளி 2004-இல் வெங்ஙானூர் ஊராட்சியில் தொடங்கியது. பள்ளியை நடத்துவது உள்ளாட்சி மன்றம். உடன் நிற்பது குடும்பஸ்ரீ. 18 வயது வரை பள்ளி, அதன் பிறகு மறுவாழ்வு மையம் என்று, இன்று மாநிலத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட பட்ஸ் நிலையங்கள் உள்ளன. 2024 ஜனவரியில் தலச்சேரியில் நடந்த இவற்றின் மாநிலக் கலைவிழாவுக்குப் பெயரே 'தில்லானா'. கழக்கூட்டத்தில் 2014-இல் மந்திரக் கலைஞர் கோபிநாத் முதுகாடு நிறுவிய 'மேஜிக் பிளானெட்' வளாகத்திலும், 2019 முதல் 'டிஃபரண்ட் ஆர்ட் சென்டர்' இத்தகைய பிள்ளைகளை மேடையேற்றி வருகிறது.

இத்தனை இருந்தும் நம் பிள்ளைகளில் சிலர் வீட்டிலேயே இருக்கிறார்கள். ரயில்வேயில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எஞ்சின் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் கப்ளிங் மாட்டாவிட்டால் பெட்டி நின்ற இடத்திலேயே நிற்கும். இங்கே விட்டுப்போவதும் அந்த இணைப்புதான். பிள்ளையைக் கூட்டிப்போகும் நாளில் தாய்க்குக் கூலி போகிறது. ஊனச் சான்றிதழுக்கான படிவத்தை மலையாளத்தில் நிரப்பத் தயக்கம். அக்கம்பக்கம் என்ன சொல்லுமோ என்ற கூச்சமும் உண்டு. இப்படியே 18 வயது கடந்துவிட்டால், அப்புறம் நாலு சுவர்தான் அந்தப் பிள்ளைக்கு உலகம். அதைக் காத்துக்கொண்டு தாயும் உள்ளேயே முடங்குகிறாள்.

தமிழ்ச் சங்கங்கள் புதிதாக ஒரு பள்ளி தொடங்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் மண்டபத்தைத் திறந்துவிடலாம். வண்டி உள்ள உறுப்பினர்கள் முறைவைத்துக் கூட்டி வரலாம். மிருதங்கம் வாசிப்பவர் ஒரு மணி நேரம் தரலாம். மலையாளம் எழுதத் தெரிந்தவர் ஊராட்சி அலுவலகத்துக்குத் துணை போகலாம். நம் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களோடு சேர்ந்து ஆடட்டும். யார், எதை, எத்தனை மாதம் செய்வார்கள் என்பதை ஆரம்பத்திலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. வாய்ப்பேச்சில் தொடங்கும் ஏற்பாடு ஆண்டுவிழாவோடு முடிந்துவிடும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் கலையில் பங்குகொள்வதையும் உரிமையாகவே கூறுகிறது. அந்த உரிமை விதுரா மலைச்சரிவில் உள்ள ஒரு வீட்டுப் படி வரை போய்ச் சேர வேண்டுமானால், அங்கிருந்து பிள்ளையை அழைத்துவர யாராவது ஒருவர் போக வேண்டும். அந்த ஒருவர் நம்மில் இருக்கட்டும்.