முதுகில் ஒரு வீடு!

'டென்ட்' என்றதும் நம்மூர்க்காரர்களுக்கு மூன்று விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்த டென்ட் கொட்டகை. இரண்டு, சர்க்கஸ். மூன்று, லீவுக்கு வந்த மாமா பத்து நாளாகியும் கிளம்பாமல் 'டேரா' போடுவது. இந்த மூன்றிலும் எடையைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. (மாமாவின் எடை தனி விஷயம்.)

இப்போது நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஷூ லேஸை இறுக்கிக்கொண்டு, கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்து மலைக்குக் கிளம்புகிறார்களே, அந்த இளைஞர்கள் முதுகில் தொங்கும் டென்ட். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். அதனால் வாரம் ஒருத்தராவது என் சீட்டுக்கு வந்து கேட்கிறார்:

"சார், லைட் வெயிட்டா ஒரு டென்ட் வாங்கணும். எது நல்லது?"

"எங்கே அடிக்கப் போறீங்க?" என்பேன்.

"அதை அப்புறம் பார்த்துக்கலாம் சார். முதல்ல டென்ட்டைச் சொல்லுங்க."

பெண் பார்க்கும் முன்பே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிற கதைதான் இது. எங்கே அடிக்கப் போகிறீர்கள் என்பது தெரிந்தால்தான் எதை வாங்குவது என்று சொல்ல முடியும்.

எங்கே அடிக்கலாம்?

கொஞ்ச நேரம் தமாஷை ஒதுக்கி வைப்போம். 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் 23 பேரைப் பறிகொடுத்தோம். நம்மைப் போல வார விடுமுறைக்கு மலையேறியவர்கள்தான். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் ட்ரெக்கிங்குக்கென்றே தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே நாற்பது மலைப்பாதைகளைத் திறந்து, கூடவே வழிகாட்டியையும் அனுப்ப ஆரம்பித்தது. பெரும்பாலும் காலையில் ஏறி, இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிற பாதைகள். அனுமதி இல்லாமல் காப்புக் காட்டுக்குள் டென்ட் அடிப்பது குற்றம். அதைவிட முக்கியம், அது ஆபத்து. 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடி பக்கம், ஒரு ரிசார்ட்டின் டென்ட்டில் தங்கியிருந்த பெண்ணை யானை கொன்றுவிட்டது. ஒரு கிலோ நைலான் துணி மழையைத் தடுக்கும், யானையைத் தடுக்காது.

ஆக, நமக்கு மிஞ்சுவது இரண்டு இடம். ஒன்று, கொழுக்குமலை மாதிரி எஸ்டேட் நிலங்கள். அங்கேயும் உரிமையாளர் சம்மதமும் அரசு அனுமதியும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும். இரண்டு, வருஷம் ஒரு தடவை லீவு சேர்த்து வைத்துப் போகிற இமயமலை. அங்கேயும் விசாரித்துவிட்டுத்தான் மூட்டை கட்ட வேண்டும். உத்தராகண்டின் மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்கு 2018-ல் அந்த மாநில ஹைகோர்ட் தடை போட்டது ஞாபகமிருக்கட்டும்.

முதல் இடத்தில் எதிரி ஈரம். இரண்டாவது இடத்தில் காற்று. இரண்டு இடத்திலும் டென்ட்டைச் சுமக்கப் போவது நீங்கள்தான்.

எடை என்னும் மாயம்

கடையில் மூன்று கிலோ டென்ட்டை ஒரு விரலில் தூக்கிப் பார்த்துவிட்டு "லேசாத்தான் இருக்கு" என்பார்கள். மூன்று கிலோ அரிசிப் பையோடு மூன்று மணி நேரம் மேடு ஏறிப் பார்த்துவிட்டு அதையே சொல்லட்டும். அறுபது கிலோ ஆசாமி முதுகில் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் ஏற்றாமல் இருந்தால் நல்லது. அதில் டென்ட்டே கால் பங்கைத் தின்றுவிட்டால் சாப்பாட்டையும் ஸ்வெட்டரையும் எங்கே வைப்பது?

இரண்டு பேருக்கான மலிவு டென்ட் இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். நல்ல அலுமினியக் கம்பியும் மெல்லிய நைலானும் போட்டது ஒன்றரை கிலோ. இன்னும் மேலே போனால் 'டைனீமா' என்ற துணியில் சுமார் அரை கிலோவுக்கே இரண்டு பேர் டென்ட் கிடைக்கிறது. பாய்மரப் படகுகளுக்காகப் பிறந்த துணி அது. 1992-ல் அமெரிக்கா கோப்பையை ஜெயித்த படகின் பாயில் இருந்து மலைக்கு வந்தது. விலையும் படகு வாங்குகிற மாதிரிதான். நம் பணத்தில் ஐம்பதாயிரத்தைத் தாண்டும்.

அட்டையில் போட்டிருக்கும் எடையை அப்படியே நம்பிவிடாதீர்கள். சில கம்பெனிகள் துணியையும் கம்பியையும் மட்டும் நிறுத்து எடை போடும். முளை, கயிறு, பை எல்லாம் அதில் சேராது. சேதாரம் சொல்லாத நகைக்கடை மாதிரி. 'பேக்கிங்கோடு சேர்த்து எவ்வளவு?' என்று கேளுங்கள். அதை ஆள் கணக்கால் வகுங்கள். இரண்டரை கிலோ டென்ட்டை இரண்டு பேர் பிரித்துக்கொண்டால் தலைக்கு ஒன்றேகால். கம்பியும் முளையும் ஒருத்தர் பையில், துணி இன்னொருத்தர் பையில். (சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போகாதவர்களுக்கு மட்டும் இந்த யோசனை.)

அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்று ஒரு பாட்டி. 1955-ல், தன் 67-வது வயதில், மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளமான அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியாக நடந்து முடித்தார். டென்ட் கிடையாது. மழைக்குக் குளியலறைத் திரை ஒன்றை எடுத்துப் போனார், அவ்வளவுதான். எடையைக் குறைக்க வழி எப்போதுமே இருக்கிறது. குறைக்கிற ஒவ்வொரு கிராமுக்கும் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். இடத்தையும் உயரத்தையும் விடலாம். நம் மலைகளுக்குப் போகிறவர்கள் விடவே கூடாதவை மூன்று.

ஒன்று: இரட்டைத் துணி

கொழுக்குமலையில் ஒரு டிசம்பர் காலை. இரவில் ஒரு பொட்டு மழை இல்லை. ஆனால் பக்கத்து டென்ட் நண்பர் நனைந்த போர்வையோடு வெளியே வந்தார். "டென்ட் ஒழுகுதுய்யா! கடைக்காரன் ஏமாத்திட்டான்!"

கடைக்காரர் பாவம். ஒழுகியது நண்பரேதான். இட்லிப் பானையின் மூடியைத் திறந்தால் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்குமே, அதே சமாசாரம். தூங்குகிற ஒவ்வொருவரும் மூச்சிலும் வியர்வையிலும் ராத்திரி முழுக்க ஒரு டம்ளர் தண்ணீராவது வெளியே விடுகிறோம். குளிர்ந்த துணியில் பட்டதும் அந்த ஆவி நீராகிச் சொட்டுகிறது. ஒற்றைத் துணி டென்ட்டில் அது நேரே உங்கள் மூக்கில். நண்பருடையது ஒற்றைத் துணி.

இரட்டைத் துணி டென்ட்டில் உள்ளே கொசுவலை மாதிரி ஒரு அறை. அதன்மேல் இடைவெளி விட்டு மழைத்துணி. ஆவி வலையைத் தாண்டிப் போய் மேல்துணியில் படிந்து, ஓரமாக வழிந்துவிடும். ஒற்றைத் துணியில் முன்னூறு, நானூறு கிராம் மிச்சமாகலாம். காற்று உலர்ந்த ஊர்க்காரர்களுக்கு அது லாபம். ஐப்பசி கார்த்திகையில் மேகத்துக்குள்ளேயே படுத்துத் தூங்கும் நமக்கு நஷ்டம். மழைத்துணி தரை ஓரம் வரை இறங்க வேண்டும், மேலே காற்றுப் போக ஒரு ஜன்னல் வேண்டும். தொப்பி மாதிரி உச்சியை மட்டும் மூடுகிற டென்ட் பீச்சுக்குத்தான் லாயக்கு.

இரண்டு: அலுமினியக் கம்பி

மலிவு டென்ட்களில் ஃபைபர் கிளாஸ் குச்சி வரும். கனமும் அதிகம், ஆயுசும் குறைவு. காற்றில் முறிந்தால் சிம்புசிம்பாகப் பிளந்து துணியையும் கிழிக்கும், கையையும் கிழிக்கும். அலுமினியம் பெரும்பாலும் வளையும். நிமிர்த்திவிட்டு ராத்திரியைத் தள்ளிவிடலாம். இமயமலைக்குப் போகிறவர்கள் இதில் ஒரு ரூபாய்கூடக் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது. பதினாலாயிரம் அடியில் ஹம்ப்டா கணவாய் பக்கம் மத்தியானத்துக்கு மேல் காற்று கிளம்பினால் பேரம் பேசாது. கம்பியை நட்டதும் தானே நிற்கிற டென்ட் பாறைத் தரைக்கு வசதி. கைத்தடியை வைத்து நிறுத்துகிற ரகம் இன்னும் லேசு, ஆனால் முளை இறங்குகிற மண் வேண்டும். எந்த ரகமானாலும் முளையடித்துக் கயிறு கட்டாமல் தூங்கப் போகாதீர்கள். பட்டத்துக்குள் படுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

மூன்று: நம்பகமான தரை

துணியைப் பற்றிப் பேச இரண்டு எண்கள் போதும். முதலாவது டெனியர். ஈரோடு, கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 20 டெனியர் என்றால், சென்ட்ரலிலிருந்து ஏறக்குறைய சைதாப்பேட்டை வரை நீட்டினாலும் அந்த நூல் இருபது கிராம்தான். லேசுக்கு லேசு, ஆனால் ஒரு தொட்டாற்சுருங்கி முள் போதும், கிழிய.

இரண்டாவது எண் மில்லிமீட்டரில் இருக்கும். துணிமேல் குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால், எவ்வளவு உயரத்தில் அடியில் சொட்டுச் சொட்டாகக் கசிகிறது என்ற கணக்கு. மேல்துணிக்கு 1,500 இருந்தால் மழை தாங்கும். தரைக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். ஏனென்றால் மழை மெதுவாக விழுகிறது. நாம் முழங்காலை ஊன்றி மொத்த எடையையும் அழுத்துகிறோம். அடியில் ஒரு பாலிதீன் ஷீட் போடலாம். டென்ட்டின் தரையைவிட அது நாலு விரல் சின்னதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத் தண்ணீரைப் பிடித்து உங்களுக்கு அடியிலேயே கொண்டுவந்து சேர்க்கும்.

எத்தனை பேருக்கு?

"மூணு பேர் தாராளமா படுக்கலாம் சார்" என்பார் கடைக்காரர். அது ஷேர் ஆட்டோ கணக்கு. இரண்டு பேர் டென்ட்டின் அகலம் பெரும்பாலும் 125, 130 சென்டிமீட்டர்தான். படுக்கை விரிப்பு ஒன்றுக்கு 50 சென்டிமீட்டர் போக, மிச்சத்தில் பையையும் ஷூவையும் வைத்துக்கொண்டு சம்சாரம் நடத்த வேண்டும். ஆறடி ஆசாமிகள் கடையிலேயே உள்ளே படுத்துப் பார்த்துவிட வேண்டும். வெட்கப்படாதீர்கள். சட்டையைப் போட்டுப் பார்க்காமலா வாங்குகிறோம்?

வாங்கும் முன்பும் பின்பும்

* முதல் தடவை வாடகைக்கு எடுங்கள். இரண்டு ராத்திரி தூங்கினால், எது வேண்டும் எது வேண்டாம் என்று முதுகே சொல்லிவிடும்.

* வாங்கியதும் மொட்டை மாடியில் அடித்துப் பாருங்கள். மாடியில் முளை இறங்காது. நாலு மூலையிலும் செங்கல் வைத்துக் கயிறு கட்டலாம். பிறகு இரண்டு பக்கெட் தண்ணீரை ஊற்றுங்கள். தையலில் கசிந்தால் வீட்டிலேயே தெரிந்துவிடுவது நல்லது. சிலிக்கான் பூசிய துணிகளில் சில, தையலுக்கு நாமே பசை தடவ வேண்டியவை. அதையும் கேட்டு வாங்குங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஒரு தடவை அடித்துப் பழகுங்கள். மலையில் நீங்கள் போய்ச் சேருகிற நேரத்தில்தான் சூரியனும் ஆபீஸ் முடித்துக் கிளம்புவார்.

* உள்ளே ஸ்டவ் பற்ற வைக்காதீர்கள், கரி அடுப்பையும் கொண்டு போகாதீர்கள். நைலான் நிமிஷத்தில் உருகும். அதையும்விட மோசம், கார்பன் மோனாக்ஸைடு. அதற்கு வாசனை கிடையாது. தூங்குகிறவனை எழுப்பாமலே கொன்றுவிடும்.

* இடி மின்னலுக்கு டென்ட் பாதுகாப்பில்லை. மலை முகட்டிலும் தனி மரத்தடியிலும் அடிக்காதீர்கள். காய்ந்த ஓடைப் படுகை சமதளமாக, மெத்தை மாதிரி கூப்பிடும். மேலே எங்கேயோ பெய்கிற மழை ராத்திரி இரண்டு மணிக்கு வந்து சேருகிற வழி அது.

டென்ட்டுக்கு மலையைவிடப் பெரிய எதிரி ஒன்று உண்டு. நம் வீட்டுப் பரண். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஈரத்தோடு சுருட்டி மேலே எறிந்துவிட்டு, திங்கட்கிழமை ஆபீஸுக்கு ஓடுகிறோம். சென்னைப் புழுக்கத்தில் பாலியூரித்தேன் பூச்சு மெதுவாகச் சிதைந்து பிசுபிசுக்க ஆரம்பிக்கும். அடுத்த டூருக்கு எடுக்கும்போது ஊசிப்போன நாற்றத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். அதற்கு மருந்து கிடையாது, குப்பைத்தொட்டிதான். அதனால் ஊருக்குத் திரும்பியதும் குளிப்பதற்கு முன்பே டென்ட்டைப் பிரித்து நிழலில் காயப் போட்டுவிடுங்கள். வெயில் வேண்டாம், நைலானுக்கு ஆகாது. நன்றாக உலர்ந்ததும் இறுக்கிச் சுருட்டாமல், தொளதொளவென்று ஒரு பருத்திப் பையில் போட்டு வையுங்கள். பதினைந்தாயிரம் ரூபாய் டென்ட் பத்து வருஷம் உழைப்பதும் பத்து மாதத்தில் போவதும் இந்த ஒரு மணி நேர வேலையில்தான் இருக்கிறது.

மாடியில் விரித்த தரைத்துணியைப் பார்த்து, "நல்லா அகலமா இருக்கேடா!" என்று அம்மா அதில் வடாம் பிழிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது மட்டும் உங்கள் சாமர்த்தியம்.