ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாலும் சாட்பாட்டுக்கு எப்படிப் புரிகிறது?

"செவ்வாய்க்கிழமை" என்று மட்டும் சொல்கிறீர்கள். எதைப் பற்றி என்று சாட்பாட்டுக்கு எப்படித் தெரியும்? ஜெராக்ஸ் ஆய்வாளர்கள் 1977-இல் விவரித்த 'கஸ்' என்ற விமான முன்பதிவு நிரல், படிவம் நிரப்பும் எழுத்தர் மாதிரி வேலை செய்தது. டிக்கெட் வேண்டும் என்ற நோக்கம் பிடிபட்டதும் ஊர், நாள், நேரம் என்று கட்டங்கள் விரியும். எது காலியோ அதைக் கேட்கும். அது கேட்டது பயண நாளைப் பற்றி என்பதால் உங்கள் ஒற்றைச் சொல் அந்தக் கட்டத்தில் போய் உட்காரும். இந்த முறையில் "இல்லை, புதன்" என்றால் நாளுக்கான கட்டத்தை மட்டும் அடித்துத் திருத்தினால் போதும். ஊர் அப்படியே நிற்கும்.

இன்றைய மொழி மாதிரிகள்தான் முழு உரையாடலையும் திரும்பப் படிக்கின்றனவே, படிவம் எதற்கு என்பீர்கள். வெறும் அரட்டைக்குத் தேவையில்லைதான். ஆனால் பணம் கட்டும் இடத்தில் ஊகம் செல்லாது. முன்பதிவுக் கணினிக்கு ஒரே ஊர், ஒரே தேதி வேண்டும். அதனால்தான் சாட்பாட் "புதன்கிழமைதானே?" என்று கடைசியில் ஒருமுறை கேட்டுக்கொள்கிறது.