பிழைத்து வந்த பிள்ளையைக் குடிக்கு விடலாமா?



போன மாதம் புதூர்நாடு பக்கம் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்தும் போட்டாச்சு. எல்லோரும் எழுந்தார்கள். ஓர் அக்கா மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

"எம் புள்ளைக்குப் பதிமூணு வயசுல ரத்தப் புற்றுநோய் வந்துச்சு. மலைக்கும் வேலூருக்குமா அலைஞ்சு காப்பாத்துனோம். இப்ப இருபத்து மூணு வயசு. பெங்களூருல கட்டட வேலை. சனிக்கிழமை கூலி வாங்குனா குடிக்கிறான். இப்ப நடுவுல நடுவுலயும் குடிக்கிறானாம். திட்டியும் பாத்தாச்சு, அழுதும் பாத்தாச்சு" என்றார்.

கூட்டத்தில் யாருக்கும் பதில் தெரியவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டதை எல்லாக் குழுக்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

நோய் குணமான பிறகு குடித்தால் என்ன?

"அதான் நல்லாயிட்டானே" என்று நினைக்கிறோம். நோய் போனாலும், அதற்குக் கொடுத்த மருந்தின் சுவடு உடம்பில் இருக்கும். ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. சிவப்பு நிறத்தில் ஏற்றும் டாக்ஸோரூபிசின் மருந்து சிலருக்குப் பல வருடம் கழித்துக்கூட இதயத்தைப் பலவீனமாக்கும். சாராயமும் இதே கல்லீரலையும் இதயத்தையும்தான் தாக்குகிறது. ஏற்கெனவே பாரம் சுமந்த மாட்டின் மேல் இன்னொரு மூட்டையை ஏற்றுவது போலத்தான் இது.

இன்னொன்றும் உண்டு. மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1988-லேயே அறிவித்துவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று பல இடங்களில் மதுவால் புற்றுநோய் வரலாம். கூடவே பீடி, பான்பராக் பழக்கமும் இருந்தால் வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு கூடும். பிராந்தி, பீர், நாட்டுச் சாராயம் எல்லாம் ஒன்றுதான். 'இவ்வளவு குடித்தால் பாதுகாப்பு' என்று ஓர் அளவே இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது.

ஏன் குடிக்கிறார்கள்?

சின்ன வயதில் நோய் வந்து மீண்ட பிள்ளைகளுக்கு மனசில் பயம் இருக்கும். மறுபரிசோதனை தேதி நெருங்கினால் தூக்கம் வராது. பள்ளிக்கூடம் பாதியில் நின்றிருக்கும். "இவனுக்குப் பொண்ணு யார் கொடுப்பா?" என்ற பேச்சு காதில் விழுந்திருக்கும். கூட வேலை செய்பவர்கள் "ஒரு ரவுண்டு போடுடா" என்று கூப்பிடும்போது, நானும் மற்றவர்களைப் போலத்தான் என்று காட்டத் தோன்றும். இதைத் திட்டித் தீர்க்க முடியாது.

எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம்

நாம் சேமிப்பைக் கணக்கில் வைக்கிறோம். குடியையும் கணக்கில் வைத்தால்தான் குறைக்க முடியும். 30 மில்லி பிராந்தியில் சுமார் 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. இதை ஓர் அளவு என்கிறார்கள். அப்படியானால் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, ஆறு அளவு. 650 மில்லி ஸ்ட்ராங் பீர் பாட்டில் ஒன்று ஏறக்குறைய நாலு அளவு. "ஒரு குவார்ட்டர்தானே" என்று சொல்லும்போது ஆறு உள்ளே போகிறது என்பது பையனுக்கே தெரியாது.

செல்போன் எப்படி உதவும்?

பிள்ளை மலையில் இல்லை, வெளியூரில் இருக்கிறான். நாம் பின்னாடியே போக முடியாது. போன் போகும்.

கோவாவில் சங்காத் என்ற அமைப்பு ஒரு முயற்சி செய்தது. டாக்டர் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, அதிகமாகக் குடிக்கும் ஆண்களோடு அதிகபட்சம் நாலு முறை உட்கார்ந்து பேச வைத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, இப்படிப் பேசப்பட்டவர்களில் 100-க்கு 36 பேர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 100-க்கு 26 பேர். 2017-ல் வெளிவந்த ஆய்வு இது. அதே அமைப்பினர் பிறகு செல்போன் குறுஞ்செய்தி வழியாகவே இந்த ஆலோசனையைத் தரும் முறையையும் உருவாக்கிப் பார்த்தார்கள்.

முறை எளிதுதான். முதலில் பையனே தன் கணக்கைச் சொல்ல வேண்டும். எந்த நாள், யாரோடு, எவ்வளவு? அடுத்து அவனே ஓர் இலக்கு வைக்க வேண்டும். "இந்த வாரம் ஒரு நாள் மட்டும்" என்பது போல. பிறகு, குடிக்கத் தோன்றும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு செய்தி போகும். சனிக்கிழமை கூலி கைக்கு வருமுன், சாயந்தரம் ஐந்து மணிக்கு "சாப்பிட்டியா? பணத்தை அம்மாவுக்கு அனுப்பிட்டியா?" என்று. மறுநாள் அவன் ஓர் எண்ணை மட்டும் திருப்பி அனுப்பினால் போதும். குடிக்கவில்லை என்றால் 0. மூன்று அளவு என்றால் 3. எண் கூடினால் திட்டுச் செய்தி போகக்கூடாது. ஒரு போன் பேச வேண்டும், அவ்வளவுதான்.

சாதா போனே போதும். டவர் கிடைக்காத ஊராக இருந்தால், கிடைக்கும் இடத்துக்குப் போகும் நாளாகப் பார்த்துப் பேசலாம். ஒன்றை மறக்காதீர்கள். அந்த போனை வேறு யாராவது பார்க்கலாம். அதனால் செய்தியில் நோயின் பெயரையோ குடி என்ற சொல்லையோ எழுத வேண்டாம்.

செய்யக்கூடாதவை

தினமும் நிறையக் குடித்து, காலையில் கை நடுங்குகிறவர்களை வீட்டிலேயே திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்களை மருத்துவமனையில் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

"அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்" என்று விற்கும் பொடியை வாங்காதீர்கள். அந்த மாதிரி மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் மூச்சு முட்டும், ரத்த அழுத்தம் சரியும். இதயம், கல்லீரல் பலவீனமான பிள்ளைக்கு இன்னும் ஆபத்து.

யாரைக் கேட்பது?

தமிழ்நாட்டில் 104 எண்ணுக்கு அழைத்தால் சுகாதார ஆலோசனை கிடைக்கும். மனக்கவலைக்கு 14416, டெலி மானஸ் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழிலேயே பேசலாம். குடி, போதைப் பழக்கத்தை விட 14446. மூன்றுக்கும் கட்டணம் இல்லை. நேரில் பார்க்க, கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, திருப்பத்தூர் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் கேளுங்கள். முக்கியமாக, புற்றுநோய் மறுபரிசோதனைக்குப் போகும்போது குடிக்கிற விஷயத்தை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் கல்லீரல், இதயப் பரிசோதனையை அவர் முடிவு செய்ய முடியும்.

அந்த அக்கா வீட்டில்

இந்த மாதக் கூட்டத்தில் அந்த அக்காவைக் கேட்டோம். பையன் தன் அக்காவிடம் மட்டும் எண் அனுப்பச் சம்மதித்திருக்கிறான். முதல் வாரம் 14. அடுத்த வாரம் 9. மூன்றாவது வாரம் 11. "ஏறிடுச்சேன்னு மனசு ஒடிஞ்சுது. ஆனா அவன் மறைக்காம அனுப்புனான் பாருங்க, அதுவே எனக்குப் பெருசு" என்றார். அந்த வாரம் என்ன நடந்தது என்று அவன் அக்கா போனில் கேட்டிருக்கிறார். மறுபரிசோதனை தேதி வந்த வாரமாம் அது. பயந்துபோய்க் குடித்திருக்கிறான். இந்த முறை கூடப் போவது என்று அக்கா முடிவு செய்திருக்கிறார். பஸ் செலவுக்குக் குழுவிலிருந்து கடன் தரத் தீர்மானம் போட்டோம்.

சகோதரிகளே, உங்கள் குழுவிலும் இப்படி ஒரு தாய் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். அடுத்த கூட்டத்தில் கையெழுத்துப் போட்டு முடித்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள்.